பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும்

கீழப்பாவூர்த் தெருக்களிலே நடந்து செல்வோர், திண்ணைதோறும் ஒரே காட்சியைக் காண்பர். மடியிலே பீடித்தட்டு. தட்டிலே அளவாக நறுக்கிய இலை, ஓரத்திலே புகையிலைத் தூள், பக்கத்திலே நூற்கண்டு. விரல்கள் சுருட்டுகின்றன, மடக்குகின்றன, நூல் கட்டுகின்றன. வாய் ஊர்க்கதை பேசுகிறது. கண்ணோ அடுப்பையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்துக்கொள்கிறது. அவ்வூரின் பதினாறு கை நரசிம்மரைக் காண வெளியூர்களிலிருந்து கூட்டம் வருகிறது. இரணியனைக் கிழிக்கப் பதினாறு கை தேவைப்பட்டதாம் தெய்வத்துக்கு! இரண்டே கைகளை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காக்கும் தாய்மாரைக் காண எவரும் வண்டி கட்டிக்கொண்டு வருவதில்லை.

அத்தகைய தாய்மாரின் மக்கள், அரசுப் பள்ளியிலே படித்துத் தேறி, சுரண்டைக்கும் ஆலங்குளத்துக்கும் தென்காசிக்கும் கல்லூரி செல்லும் காலம் இது. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம், 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் தொடங்கிற்று. மக்கள் நாவிலே அதற்குப் ‘புதுமைப் பெண் திட்டம்’ என்று பெயர். ஏட்டிலே உள்ள பெயர் வேறு: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். பணம் பெற்ற மாணவியர் சிலரிடம், யார் இந்த மூவலூர் இராமாமிர்தம் என்று கேட்டுப் பார்த்தோம். யாரோ ஒரு மந்திரியின் தாயாராக இருக்கும் என்றாள் ஒருத்தி. சிரித்தோம். சிரித்த பிறகு வெட்கம் வந்தது. அவள் அறியாததற்கு அவளா பொறுப்பு? சொல்ல வேண்டிய நாமன்றோ சொல்லாமலிருந்தோம்!

மந்திரியின் தாயார் அல்லர் அவர். விலைக்கு விற்கப்பட்ட பெண். ஐந்து வயதுக் குழந்தையாக இருக்கையில், பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தாசி வீட்டுக்கு விற்கப்பட்டவர். விற்கப்பட்ட அந்தப் பெண்தான், பின்னாளில், பெண்களை விற்கும் முறையையே ஒழிக்கும் படையிலே முன்வரிசையில் நின்றார். அம்முறையின் மர்மங்களை எல்லாம் அம்பலமாக்கி நூல் எழுதினார். மீட்கப்பட்ட பெண்களுக்கு மணம் முடித்து வைத்து மறுவாழ்வு காட்டினார்.

உலக அரங்கிலே இன்று ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. ஆள்விற்பனைக்கு ஆளாகி மீண்டவர்களை இரக்கத்துக்குரிய பொருளாக மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. அந்தக் கொடுமையை ஆராயும் பணிக்கும், மீண்டோரைப் பேணும் பணிக்கும் அவர்களே தலைமை தாங்க வேண்டும் என்பது அந்தப் பேச்சு. அமெரிக்க நாட்டிலே 2015இல் இயற்றப்பட்ட சட்டம், மீண்டவர்களையே உறுப்பினராகக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை ஏற்படுத்திற்று. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு 2021இல் அதுபோன்றதொரு குழுவை அமைத்தது. இந்தியாவிலும், பல மாநிலங்களிலே மீண்டு வந்தோர் 2019இல் ஒன்றுகூடி, ஆள்கடத்தலுக்கு எதிரான இந்தியத் தலைமை மன்றம் கண்டனர். நல்ல செய்தி, வரவேற்கிறோம். ஆனால் இதனைப் புதியதொரு கண்டுபிடிப்பு என்று மேனாட்டார் கூறும்போது, நம்மவரும் தலையாட்டுகிறார்களே, அதுதான் வேடிக்கை! மாயவரத்தை அடுத்த மூவலூரிலே நூறாண்டுகளுக்கு முன்பே முளைத்த பயிர் இது.

விற்பனை என்ற சொல் சிலருக்குக் கசக்கும். கலை என்பர், தெய்வத்தொண்டு என்பர், பண்பாடு என்பர். கல்வெட்டைக் கேட்போம். தஞ்சைப் பெரிய கோயிலிலே முதலாம் இராசராசன், நாட்டின் பல கோயில்களிலிருந்தும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியேற்றியதையும், அவரவர் பெயரையும் வீட்டையும் பங்கையும் கல்லிலே காண்கிறோம். அக்காலத்துக் கோயிற்பெண்டிருள் நிலபுலம் உடையவராய்த் தாமே கொடை வழங்கியோரும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் அதே கல் சொல்லுகிறது. 1201இலே, சோழ நாட்டுத் திருப்பாம்புரத்தில், பஞ்சம் தாங்காத வேளாளன் ஒருவன், தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டான். பசி விற்றது, கோயில் வாங்கிற்று, சிற்பி வெட்டி வைத்தான். அத்திருப்பாம்புரத்துக்கும் இராமாமிர்தம் பிறந்த திருவாரூருக்கும் தொலைவு அதிகமில்லை. இடையிலே ஏறத்தாழ 700 ஆண்டுகள். அரசர்கள் மாறினர், கொடிகள் மாறின, நாணயம் மாறிற்று. விற்பனை மட்டும் மாறவில்லை.

தென்காசிச் சீமைக்கும் இக்கதையிலே பங்கு உண்டு. குற்றால மலையைக் காட்டி, அருவியைப் பாடிய புலவர் பலர். அம்மலைச் சாரலிலே ஓர் எல்லைக்கோடு ஓடியதைப் பாடியவர் இலர். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரையில் திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சார்ந்திருந்தது. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிப் பகுதியிலே 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று கூறிவிட்டது. திருவிதாங்கூரிலோ 1855ஆம் ஆண்டு வரையில் அடிமைமுறை நீடித்தது. ஆக, 12 ஆண்டுக்காலம், கீழப்பாவூரிலே நிற்கும் மனிதனை எவரும் தம் உடைமை என்று வழக்காட முடியாது; காலையில் புறப்பட்டு மாலைக்குள் செங்கோட்டை எல்லையைத் தாண்டினால், அங்கே மனிதன் மாடுகன்றோடு சேர்த்து எண்ணப்படும் பொருள்! கும்பினியின் சட்டமும் அரைகுறைதான். உரிமையை மறுத்ததே தவிர, வைத்திருந்தவனைத் தண்டிக்கவில்லை. மனிதனை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1860இல் இயற்றி 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தினால்.

அதே தண்டனைச் சட்டத்திலேதான் 372, 373 என்ற இரு பிரிவுகளும் இருந்தன. இளம்பெண்ணை விபசாரத்துக்கென்று விற்றால் குற்றம், வாங்கினால் குற்றம். இராமாமிர்தம் பிறந்தது 1883இல். ஐந்து வயதிலே அவர் விற்கப்பட்டபோது, அப்பிரிவுகள் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சட்டம் புத்தகத்திலே உறங்கிற்று; பத்து ரூபாய் கைமாறிற்று.

ஏன் வாங்கினார்கள்? இதனை விளக்காமல், பாவம் குழந்தை என்று பெருமூச்சு விடுவதிலே பயனில்லை. கோயிற்பணிக்கு மானியம் உண்டு. பணி செய்யும் பெண் இருக்கும்வரையில் நிலம் அவ்வீட்டுக்கு. பெண்வழி அற்றுப்போனால் நிலமும் போய்விடும். ஆகவே, வயிற்றிலே பெண் பிறக்காத வீட்டிற்கு, விலைக்கு ஒரு பெண் வேண்டும். தத்து என்று அதற்குப் பெயர். வாங்கிய பெண்ணுக்குப் பாட்டும் நடனமும் கற்பிப்பது அன்பினால் அல்ல, அது முதலீடு. அவள் பருவமெய்தும் முன்பே கோயிலிலே பொட்டுக்கட்டு. பின்னர், செல்வர் ஒருவரின் பணப்பை. வளர்த்த கிழவியின் முதுமைக்கு அதுவே ஈடு. இடையிலே தரகர், கோயில் தர்மகர்த்தா, நட்டுவனார், புரோகிதர் என்று பங்கு கேட்போர் பலர். பெற்ற வீட்டின் வறுமை ஒரு முனை, கோயில் மானியம் மறுமுனை; இரண்டையும் இணைத்த கயிறுதான் பொட்டு. தெய்வத்தின் பெயர் அக்கயிற்றின் மேல் பூசிய மஞ்சள்!

அந்தக் கயிற்றை அறுத்தவர் இராமாமிர்தம். மூவலூரிலே வளர்ந்தார், பாடினார், ஆடினார், படித்தார். பதினேழு வயதளவில், கிழவர் ஒருவருக்கு அவரைக் கட்டிவிட ஏற்பாடு நடந்தது. மறுத்தார். தமக்குக் கலை கற்பித்த ஆசிரியர் சுயம்பு பிள்ளையைத் தம் விருப்பப்படி மணந்தார். இன்று நாளேட்டிலே இரண்டு வரியில் முடியும் செய்தி. அன்று அது கலகம். விலை கொடுத்து வாங்கிய பொருள், தனக்கென ஒரு மனம் உண்டு என்று சொல்லிவிட்டது! முதல் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? வழக்கு, வம்பு, வசை எல்லாம் வந்தன. அசையவில்லை.

தாம் தப்பினோம், போதும் என்று அவர் இருந்திருந்தால் நாம் இன்று அவர் பெயரை எழுதப் போவதில்லை. தம்மைப் போன்ற பெண்களின் வீடுகளைத் தேடிச் சென்றார். அந்த வீடுகளுக்குள்ளே சீர்திருத்தக்காரர் எளிதில் நுழைய முடியாது. நுழைந்தால் வாடிக்கையாளர் என்பர். நுழையாமல் தெருவில் நின்று பேசினால் காதில் விழாது. இராமாமிர்தமோ அந்த வீட்டுப் பெண். எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும், எந்தக் கிழவி எந்தக் கடனுக்கு அஞ்சுகிறாள், எந்தச் சிறுமி அழுதுகொண்டிருக்கிறாள் என்பதை அவர் கேட்டறிய வேண்டியதில்லை, வாழ்ந்தறிந்தவர். நாகபாசத்தார் சங்கம் கண்டார். 1925இல் மாயவரத்திலே இசை வேளாளர் மாநாடு கூடிற்று. பெரியாரும் திரு.வி.க.வும் கலந்துகொண்ட அம்மாநாட்டுக்குப் பின்னே இருந்த உழைப்பு அம்மையாருடையது. பொட்டுக்கட்டு வேண்டாம் என்ற குரல், அக்குலத்தின் வாயிலிருந்தே எழ வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

முதலில் அவர் காங்கிரசிலேதான் இருந்தார். 1923இல் காக்கிநாடா மாநாட்டுக்குக் கொடிகளையே புடவையாகத் தைத்து உடுத்திச் சென்றார் என்பர். பின்னர்ப் பெரியாரோடு தன்மானப் பாசறைக்கு வந்தார். அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். நாட்டு விடுதலையை உரக்கப் பேசியவர்களிலே சிலர், பொட்டுக்கட்டு ஒழிப்பு என்றதும் ‘சம்பிரதாயம்’ என்று குழைந்தனர். சட்டமன்றத்திலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்முறையை ஒழிக்க முனைந்தபோது எதிர்த்து நின்றவர்களில் ஒருவர், நாவன்மை மிக்க தோழர் சத்தியமூர்த்தி என்பதை வரலாறு மறக்கவில்லை.

முத்துலட்சுமி அம்மையாரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1886இல் புதுக்கோட்டையிலே பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தவர். தாம் பொட்டுக்கட்டப் பெறாதவரேனும், அந்த நிழலின் நீளத்தை அறிந்தவர். 1912இல் மருத்துவரானார், 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டு ஒழிப்புத் தீர்மானம் கொணர்ந்தார். அவர் செய்தவற்றுள் நாம் மிக வியப்பது 1929ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். அது பற்றிப் பேசுவோர் குறைவு. கோயிற்பணி செய்தால்தான் மானியம் என்ற கட்டை அது அவிழ்த்தது. பணியை விட்டாலும் நிலம் அப்பெண்ணுக்கு உண்டு என்றாக்கிற்று. முன்னே சொன்னோமே, மானியம் என்ற முனை, அதன் வேரிலே விழுந்த வெட்டு இது. ‘விட்டுவிடு’ என்று உபதேசம் செய்தவர் ஆயிரம் பேர். விட்டபின் எதை உண்பாள் என்று கேட்ட சட்டம் இது ஒன்றே.

1930இல் சில இளம்பெண்கள் பொட்டுக்கட்டுக்குத் தப்பி, முத்துலட்சுமியாரின் வீட்டு வாயிலுக்கு வந்தனர். நகரத்து விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. குலம் கேட்டன, கதவை மூடின. தம் இல்லத்தையே விடுதியாக்கினார் அம்மையார். அவ்வை இல்லம் அங்ஙனம் பிறந்தது. மீட்பது ஒரு நாள் வேலை; மீண்டவளுக்குப் படுக்க இடமும் படிக்க ஏடும் தருவது பல்லாண்டு வேலை என்பதை அன்றே அறிந்தனர்.

எதிர்ப்பு வைதீகரிடமிருந்து மட்டும் வந்ததாகச் சொன்னால் உண்மைக்கு மாறாகும். தேவதாசிகளின் சங்கங்களே எதிர்த்து விண்ணப்பம் விடுத்தன. அவர்களிலே ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்: புலமை மிக்கவர்; முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்துவனம்’ நூலை 1910இல் முழுமையாகப் பதிப்பித்துத் தடைக்கு ஆளானவர்; தம் பொருளைக் கொட்டித் திருவையாற்றிலே தியாகராசருக்கு நினைவிடம் எழுப்பியவர். எங்களை எல்லாம் விலைமகளிர் என்று ஒரே சொல்லிலே அடைப்பதா, எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாவது என்பது அவர்கள் வினா. வெறும் வினா அன்று அது. சொத்தும் கல்வியும் மற்றப் பெண்களுக்கு மறுக்கப்பட்ட காலத்திலே, அக்குலத்துப் பெண்களுக்கு அவை கிட்டியிருந்தன. மதிப்போடு வாழ்ந்த நாகரத்தினம்மாளுக்கும், ஐந்து வயதில் விற்கப்பட்ட இராமாமிர்தத்துக்கும் குலம் ஒன்று, அனுபவம் வேறு. அப்படியாயின் யார் பேச்சைக் கேட்பது? இருவர் பேச்சையும் கேட்க வேண்டும் என்போம். கேட்டபின் ஒன்றைச் சொல்வோம்: நாகரத்தினம்மாளின் புலமைக்குப் பொட்டுத் தேவையில்லை, இராமாமிர்தத்தின் விலைக்குப் பொட்டே காரணம். கலையைக் காப்பதற்காகக் குழந்தையை விற்கும் சந்தையையும் காக்க வேண்டும் என்பது வாதமாகாது.

அந்தச் சந்தையின் உள்கணக்கை இராமாமிர்தம் 1936இல் நூலாக வெளியிட்டார். ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்பது அதன் பெயர். புதினம் என்றுதான் அச்சிட்டார்கள். இலக்கிய நயம் தேடிப் புகுவோர் ஏமாறுவர். கதை நின்றுவிடும், சொற்பொழிவு தொடங்கிவிடும், மீண்டும் கதை வரும். நாம் குறையாகக் கொள்ளவில்லை. மைனரை எப்படி மயக்குவது, கடன் பத்திரம் எப்படி எழுதி வாங்குவது, வளர்த்தவள் பெண்ணுக்கு என்ன பாடம் சொல்லுகிறாள், தரகனுக்கு என்ன கிடைக்கிறது, கோயில் அதற்கு எப்படித் திரையாகிறது, அத்தனையும் உள்ளிருந்து எழுதப்பட்டது. மீளும் பெண்களும் அக்கதையிலே வருகிறார்கள். அழுது ஓய்பவராக அல்லாமல், பிறரை மீட்கப் புறப்படுபவராக வருகிறார்கள். பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர் எவரும் அன்று அந்த வீடுகளுக்குள் சென்று இதைத் தொகுத்திருக்க இயலாது. தொகுத்தாலும் தாசிகளின் வாயிலிருந்து கிடைப்பது நாணமும் பொய்யும்தான். வாழ்ந்தவளே எழுதினாள், அதனால் வஞ்சகத்தின் வரைபடமே கிடைத்தது.

மேனாட்டு வரலாற்றிலே இதற்கு இணை தேடினால், 1789க்குப் போக வேண்டும். சிறுவனாக இருந்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்டதாகத் தம் வரலாற்றை எழுதி, இலண்டனிலே வெளியிட்டார் ஒலாடா எக்குவியானோ. தாமே பொருள் ஈட்டித் தம்மை விலைக்கு வாங்கி விடுதலை பெற்றவர் அவர். கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகச் சென்று மாலுமிகளை விசாரித்துச் சான்று திரட்டினார். வில்பர்போர்சு பாராளுமன்றத்திலே முழங்கினார். இருவர் பெயரும் பள்ளிப் பாடத்திலே ஏறின. கப்பலின் அடித்தட்டிலே கிடந்தவனின் குரலை ஊர் ஊராகச் சென்று கேட்க வைத்த எக்குவியானோவின் பெயர், நெடுங்காலம் பாடத்திலே ஏறவில்லை. 1807இல் அடிமை வாணிபத்துக்கு இங்கிலாந்து தடை விதித்தபோது அவர் உயிரோடும் இல்லை. 1831இலே மேரி பிரின்சு என்ற கருப்பின மாது தம் அடிமை வாழ்வைச் சொல்லச் சொல்ல எழுதி அச்சிட்டனர். இரண்டாண்டு கழித்து அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. மேரி பிரின்சு சொன்னார், வேறொருவர் எழுதினார். மூவலூராரோ தாமே எழுதினார். எழுதியதோடு மேடையேறியும் பேசினார்.

மேடைக்கு விலை உண்டு. அம்மையாரின் கூந்தலை எதிரிகள் ஒருமுறை அறுத்துவிட்டனர் என்றும், அதுமுதல் முடியைக் குட்டையாகவே வைத்துக்கொண்டார் என்றும் கூறுவர். ஆடற்குலத்திலே வளர்ந்த பெண்ணுக்குக் கூந்தல் என்பது என்ன பொருள் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் குட்டைமுடிக்கு விளக்கம் தேவையில்லை.

1938இல் அவருக்கு வயது 55. கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஆகஸ்டு 1ஆம் நாள் புறப்பட்ட தமிழர் பெரும்படையிலே, ஆடவர் நடுவே நடந்த பெண்மணி அவர். 42 நாட்கள், 577 மைல். செப்டம்பர் 11இல் படை சென்னையை அடைந்தது. நவம்பர் 13இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாடு ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை வழங்கிற்று. மறுநாளே மறியல் செய்து சிறை புகுந்த பெண்கள் அணியிலே டாக்டர் தருமாம்பாளோடு இராமாமிர்தமும் இருந்தார். ஆறு வாரச் சிறை. அன்று கைக்குழந்தைகளோடும் பெண்கள் சிறைக்குச் சென்றார்கள். ஐந்து வயதில் பிறர் வீட்டுக்குள் அடைக்கப்பட்டபோது கேட்க நாதியில்லை. 55 வயதில் சிறைக்குள் அடைக்கப்பட்டபோது நாடே கேட்டது.

1947ஆம் ஆண்டு, பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் சென்னை மாகாணத்திலே நிறைவேறிற்று. பொட்டுக்கட்டப்பட்ட பெண் முறையாக மணம் செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை என்றும் அச்சட்டம் தெளிவாக்கியது. 1927 முதல் 1947 வரை, இருபது ஆண்டு! ஒரு குழந்தை பிறந்து, விற்கப்பட்டு, பொட்டுக்கட்டப்பட்டு, தன் மகளையும் அதே வாயிலுக்கு அனுப்பப் போதுமான காலம். 1949இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தபோது அம்மையார் அண்ணாவின் அணிக்கு வந்தார். 1962 சூன் 27இல் மறைந்தார்.

1989இல் கலைஞர் ஆட்சி, ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்ற விதியோடு. அந்த விதியினால் பெண்ணைப் பள்ளியிலே இருத்திய பெற்றோர் பலர் என்பதை மறுக்கவில்லை. ஆயினும், வேண்டாத திருமணத்தை எதிர்த்து வீட்டைவிட்டு வெளியேறியவர் பெயரிலே தாலிக்கு உதவியா என்ற நெருடல் நமக்கு இருந்தது. 2022இல் அது கல்விக்கு உதவியாக மாறியபோது, பெயரும் பொருளும் பொருந்தின என்றே கருதினோம்.

பொட்டு ஒழிந்தது, விற்பனை ஒழிந்ததா? பீடித்தட்டுக்கே திரும்புவோம். 1931இல் வெளியான அரச தொழிற்குழுவின் அறிக்கை, சென்னை மாகாணத்துப் பீடிப்பட்டறைகளிலே முன்பணத்துக்காகச் சிறுவர் அடகு வைக்கப்படுவதைச் சுட்டிக் காட்டிற்று. குழந்தை உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1933இல் வந்தது. முன்பணம் பெற்ற தந்தை, கடன் தீரும்வரை உழைக்க வேண்டிய பிள்ளை. இராமாமிர்தத்தின் பத்து ரூபாய்க்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே பொட்டு, இங்கே புகையிலை. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், அரிசி ஆலையிலும் செங்கற்சூளையிலும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டோர் கணக்கு நீண்டது. தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களைக் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்கு அழைத்துச் சென்று, மூன்றாண்டு அடைத்து வைத்து வேலை வாங்கி, முடிவிலே திருமணத்துக்கு ஒரு தொகை என்று சொன்ன ஏற்பாட்டுக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் சூட்டினார்களே, அந்தப் பெயர்ப் பொருத்தத்தை என்னென்பது! அப்போது தெய்வத்துக்கு மனைவி. இப்போது வரப்போகும் கணவனுக்குச் சீதனம்.

இங்கும் வழி காட்டியவர்கள் அனுபவித்தவர்களே. விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் வடமாவட்டங்களிலே சங்கம் கண்டு, பிற சூளைகளிலும் ஆலைகளிலும் அடைபட்டோரை அடையாளம் காட்டத் தொடங்கினர். விடுதலைச் சான்று என்ற ஒரு தாள் இல்லாவிட்டால் உதவித் தொகை வராது. முழுத்தொகையோ வழக்கிலே தண்டனை விழுந்தால்தான் என்று 2016ஆம் ஆண்டின் நடுவணரசுத் திட்டம் வகுத்தது. இந்த நுணுக்கம் அதிகாரிக்குக் கோப்பு. தாளுக்காக அலுவலக வாயிலிலே நாள் கணக்கில் நின்றவருக்குச் சோறு. ஆகவேதான், அடுத்து மீட்கப்படுபவருக்கு அவர் நல்ல துணையாகிறார். திருவள்ளூர் மாவட்டத்திலே மீண்டோரே நடத்தும் சூளை ஒன்றுக்குச் ‘சிறகுகள்’ என்று பெயரிட்டனர். கொத்தடிமையாகக் கல் அறுத்த கை, பங்காளியாகக் கல் அறுத்தது. திண்டுக்கல்லிலே பெண் தொழிலாளர் தலைமையிலான சங்கம் 2022இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆலைக்குள்ளே அத்துமீறலைக் கண்காணிக்கும் பொறுப்பு அங்கே வேலை செய்யும் பெண்களுக்கே வந்தது. மேற்பார்வையாளரின் கண்ணைவிட அவர்கள் கண்ணுக்குக் கூர்மை அதிகம் என்பதை நிறுவனங்கள் ஒப்புக்கொள்ள ஓர் இளம்பெண்ணின் சாவு தேவைப்பட்டது, கொடுமை!

தில்லியிலோ, 2018இல் மக்களவையிலே நிறைவேறிய ஆள்கடத்தல் தடுப்பு மசோதா, மாநிலங்களவைக்குப் போகாமலே காலாவதியாயிற்று. அதனை வரைந்தபோது எங்களை யார் கேட்டார்கள் என்று மீண்டோர் எழுப்பிய வினாவிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. மேடைக்கு அழைத்து, கண்ணீர்க்கதை சொல்லச் செய்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது தலைமை தருவது ஆகாது. அது வேறொரு விதமான காட்சிப் பொருளாக்குதல். கூலி உண்டா, வாக்கு உண்டா, வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உண்டா? ஆராய்ச்சி என்று வருவோர், ஆறாத புண்ணை மீண்டும் மீண்டும் கிளறிக் கேட்டுவிட்டு, ஏட்டின் மேல் தம் பெயரைப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. மூவலூராரின் நூலின் மேல் மூவலூராரின் பெயர் இருந்தது.

கீழப்பாவூர்த் திண்ணையிலே இந்த வரலாற்றைச் சொல்லி முடித்தோம். மந்திரியின் தாயார் என்று சொன்ன அதே மாணவி, நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, ஒன்று கேட்டாள்: “பத்து ரூபா சரி. அந்தப் பழம்புடவை எதுக்கு?”

நம்மிடம் விடை இல்லை. பீடி சுற்றிக்கொண்டிருந்த அவள் தாய், தட்டிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்:

“ஏளா, பெத்தவளுக்கு மாத்திக் கட்ட ஒரு சேலை இருந்திருக்காது.”